மை உலரும் விதம்: வாசகர் கேள்வி – பதில்

அச்சு மைகளையும் அச்சு முறைகளையும் பற்றிச் சேலம் மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம். ஒரே வினாவைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: என் மகளின் திருமண அழைப்பிதழை அடர்ந்த மெரூன் நிறப் பின்னணியோடு, மேட் ஆர்ட் அட்டையில் (பளபளப்பில்லாத பூச்சுள்ள அட்டை), ஆஃப்செட்டில் அச்சிட்டுத் தந்தார்கள். இரண்டு நாட்கள் கழிந்தும் தேய்த்தால் விரலில் நிறம் ஏறுகிறது. சில அட்டைகளின் பின்புறத்திலும் கறை படிந்துள்ளது. மட்டமான மையைப் பயன்படுத்திவிட்டார்களா?
– பெண்ணைப் பெற்றவர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மையைக் குறை சொல்வதற்கு முன் அது எப்படி உலர்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அச்சு மை எதுவாயினும் அதில் நிறம் தரும் நிறமியும், அந்த நிறமியைச் சுமந்து சென்று பரப்பில் ஒட்டவைக்கும் வார்னிஷும், அவற்றோடு கரைப்பான், உலர்த்தி, மெழுகு போன்ற சேர்மானங்களும் இருக்கும். ஓர் அச்சு முறைக்கும் இன்னொன்றுக்கும் இடையில் பெரிதும் மாறுவது வார்னிஷும் அது உலரும் வழியும்தான். ஆஃப்செட் மை, ஆளிவிதை எண்ணெய் அல்லது சோயா எண்ணெயோடு பிசின்களைக் காய்ச்சிச் செய்யப்படும் கெட்டியான பசை. அது இரண்டு கட்டங்களில் உலர்கிறது. முதலில் அதிலுள்ள இளகிய எண்ணெய் காகிதத்தின் பூச்சுக்குள் இறங்கிவிட, மேலே தங்கும் பகுதி சில நிமிடங்களில் இறுகுகிறது. பிறகு எஞ்சியிருக்கும் எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கடினமான படலமாக மாறுகிறது. கோபால்ட், மாங்கனீசு உப்புகள் உலர்த்திகளாகச் சேர்க்கப்பட்டிருந்தாலும் இந்த இரண்டாவது கட்டத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். சூழ்நிலை சரியில்லாவிட்டால் ஒரு நாளைத் தாண்டியும் நீளும்.

சூழ்நிலையைக் கெடுப்பவற்றுள் முதலாவது நீர். எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று ஒதுக்கும் என்ற ஒரே உண்மையை வைத்துத்தான் 1796ஆம் ஆண்டில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் அச்சிடும் லித்தோ முறையைக் கண்டார். இன்றைய ஆஃப்செட் அதன் வழித்தோன்றல். அலுமினியப் பிளேட்டில் படமுள்ள இடம் மையை ஏற்கும், படமில்லாத இடம் நீரை ஏற்கும். அந்த மை ரப்பர் பிளாங்கெட்டுக்கு மாறி, அங்கிருந்து காகிதத்துக்கு வருகிறது. ஆகவே மெஷின் ஓடும் நேரம் முழுவதும் மைக்குள் சிறிது நீர் கலந்துகொண்டேதான் இருக்கும். மெஷின்மேன் நீரைச் சற்று அதிகமாக விட்டாலோ, அந்த நீரின் அமிலத்தன்மை மிகுந்துவிட்டாலோ, மழைக்காலத்து ஈரக்காற்று சேர்ந்துகொண்டாலோ, உலர்தல் தள்ளிப்போகும்.

இரண்டாவது காரணம் தாங்கள் தேர்ந்தெடுத்த நிறம். மெரூனைச் சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி உண்டாக்கியிருந்தால், ஒரு நிறம் இடம் முழுவதையும் நிறைத்தால் 100 என்ற கணக்கில், நான்கும் சேர்ந்த மொத்த அளவு 300 விழுக்காட்டைத் தொட்டிருக்கக்கூடும். ஆர்ட் காகிதத்துக்கும் அதுவே ஏறத்தாழ மேல் எல்லை. அவ்வளவு மையைத் தாங்கிய அட்டைகளை உயரமாக அடுக்கினால் நடுவிலுள்ளவற்றுக்குக் காற்றே போகாது; மேல் அட்டையின் முகம் கீழ் அட்டையின் முதுகைப் பிடிக்கும். தாங்கள் கண்ட கறை அதுதான். இதைத் தடுக்கத்தான் அடுக்கு விழும் இடத்தில் மாவுப்பொடியை நுண்தூசியாகத் தெளிப்பார்கள். புதிய அழைப்பிதழைத் தடவும்போது விரலில் நெருடுவது அந்தப் பொடி.

ஒரு வெள்ளைத் துணியால் அட்டையைத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப்பசையோடு இழுபட்டால் மை இன்னும் உலரவில்லை. அட்டைகளைச் சிறு சிறு அடுக்குகளாகப் பிரித்துக் காற்றோட்டமான அறையில் வைத்தால் தானே சரியாகும். காய்ந்த தூளாக உதிர்ந்தால் வார்னிஷ் முழுவதும் காகிதத்துக்குள் இறங்கிவிட, நிறமி மட்டும் மேலே தங்கிவிட்டது என்று பொருள். இதைக் காத்திருந்து சரிசெய்ய முடியாது, மேலே காப்புப் பூச்சாக வார்னிஷ் அடிக்க வேண்டும் அல்லது லேமினேஷன் செய்ய வேண்டும். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. மேட் ஆர்ட் பூச்சின் நுண்துகள்கள் சொரசொரப்பானவை. உலர்ந்த மையையும் அவை உரசி எடுத்துவிடும். மேட் அட்டையில் அடர்நிறம் கேட்பவர்களிடம் அச்சகத்தார் இதை முன்கூட்டியே சொல்லி, கூடவே வார்னிஷுக்கும் விலை சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இன்னொரு முறை அச்சிட நேர்ந்தால் நான்கு நிறக் கலவைக்குப் பதிலாக, மெரூனாகவே குழைத்த ஒற்றை மையில் பின்னணியை அடிக்கச் சொல்லுங்கள். யூவி மை என்றால் புறஊதா விளக்கின் கீழே நொடியில் கெட்டிப்பட்டு வெளிவரும், செலவு கூடும். பொன்னிற எழுத்துகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை மையில் அடித்தவை அல்ல, சூடான அச்சால் பதித்த அலுமினியப் படலமாகவே இருக்கும்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக்கோத்தவன். கோத்த எழுத்துகளின்மேல் மை தடவிக் காகிதத்தில் அழுத்தும் டிரெடில் மெஷினில் அடித்த அதே கறுப்பு மையைத்தான் ஆஃப்செட்டிலும் போடுகிறார்கள் என்று பேரன் சொல்கிறான். சரிதானா?
– ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உறவு உண்டு, ஒன்று அல்ல. இரண்டும் எண்ணெயில் குழைத்த பசை மைகளே. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் நூல் அச்சான காலத்திலும், புகைக்கரியை எண்ணெயில் அரைத்த மைதான் வழக்கம். நீர் மை உலோக எழுத்தின்மேல் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டுவிடும். ஆனால் ஆஃப்செட்டில் காகிதத்தை அடையும் மைப் படலம் ஓரிரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு) தடிமனே கொண்டதாகையால், அந்த மையில் நிறமியின் செறிவு அதிகமாக இருக்க வேண்டும். நீரோடு ஓயாமல் உரசியும் குழம்பாமல் இருக்க வேண்டும். ஆஃப்செட் மையை டிரெடிலில் ஓட்டிவிடலாம். டிரெடில் மையை ஆஃப்செட்டில் ஊற்றினால் நீரோடு கலந்து பிளேட் முழுவதும் மங்கலாகப் படரும். தங்கள் டிரெடில் இன்னும் வேலையிழக்கவில்லை என்பதையும் பேரனுக்குச் சொல்லுங்கள்: பில் புத்தகத்துக்கு எண் போடவும், துளைக்கோடு அடிக்கவும், அட்டையில் மடிப்புக்கோடு பதிக்கவும், அட்டையை வேண்டிய வடிவில் டை வெட்டவும் அதையே பல அச்சகங்கள் வைத்திருக்கின்றன.

கேள்வி: ஜவ்வரிசி மூட்டைக்கான நெய்த பிளாஸ்டிக் சாக்குகளில் எங்கள் ஆலையின் பெயரை அச்சிட்டு வாங்குகிறோம். லாரியில் ஏற்றி இறக்குவதற்குள் எழுத்துகள் செதில் செதிலாக உதிர்கின்றன. மையை மாற்றச் சொல்லியும் பயனில்லை.
– ஜவ்வரிசி ஆலை உரிமையாளர், ஆத்தூர்

பதில்: இங்கே குற்றம் மையைவிடச் சாக்கின் பரப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். சாக்கு நெய்யப்படும் பாலிப்ரொப்பிலீன் மெழுகு போன்ற பொருள். மை உள்ளே இறங்க அதில் நுண்துளைகள் இல்லை, மேலே பற்றிக்கொள்ளவும் அது எளிதில் இடம் தராது. இந்தப் பற்றும் தன்மையைப் பரப்பாற்றல் என்பார்கள்; அதை டைன் கணக்கில் அளப்பார்கள். எந்தப் பக்குவமும் செய்யாத பாலிப்ரொப்பிலீனில் அது சென்டிமீட்டருக்கு 30 டைன் அளவில்தான் இருக்கும். மை பிடிக்க 38 டைனுக்குக் குறையாமல் வேண்டும். அதற்காக அச்சுக்கு முன் உயர் மின்னழுத்த மின்பொறிகளுக்கு நடுவே சாக்குத் துணியைச் செலுத்தி மேற்பரப்பைச் சற்று ஆக்சிஜனேற்றம் செய்வார்கள். தொழிலில் இதற்குக் கொரோனா டிரீட்மென்ட் என்று பெயர், நோய்த்தொற்றோடு இதற்குத் தொடர்பில்லை. இந்தப் பக்குவம் நிலையானதன்று. வாரக்கணக்கில் கிடங்கில் கிடந்த துணியில் அது தேய்ந்துபோயிருக்கும். பழைய துணியை எடுத்து மீண்டும் பக்குவப்படுத்தாமல் அச்சிட்டால் எவ்வளவு விலையுள்ள மையும் உதிரத்தான் செய்யும்.

இச்சாக்குகளில் வழக்கமாகப் பயன்படுவது ஃப்ளெக்ஸோ முறை. ரப்பர் அல்லது ஃபோட்டோபாலிமர் பிளேட்டில் எழுத்து மேடாக நிற்கும். நுண்குழிகள் செதுக்கிய அனிலாக்ஸ் ரோலர் அந்த மேட்டின்மேல் அளந்து மை பூசும். மை தண்ணீர்போல் ஓடக்கூடியது. கரைப்பான் ஆவியானவுடன் பிசின் மட்டும் எஞ்சி ஒட்டிக்கொள்ளும். எனவே அந்தப் பிசின், பாலிப்ரொப்பிலீனைப் பற்றும் பாலியமைடு போன்ற இனத்தைச் சேர்ந்ததா என்று கேட்டறியுங்கள். சரக்கு வந்திறங்கும்போதே எழுத்தின்மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரித்துப் பாருங்கள். டேப்பில் எழுத்து வந்துவிட்டால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பலாம். வடமாநிலங்களுக்குப் போகும் உயர்தரச் சரக்குக்கு, படலத்தின் உட்புறத்தில் அச்சிட்டுச் சாக்கின்மேல் ஒட்டும் பிஓபிபி பைகள் உண்டு. அவற்றில் மை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்டிருப்பதால் உராய்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காபியை வறுத்து அரைத்துக் கால் கிலோ பாக்கெட்டுகளாக விற்க விரும்புகிறேன். முதலில் ஐந்நூறு பாக்கெட் போதும். ஐந்து நிறத்தில் அச்சிட்ட பவுச் கேட்டால் சிலிண்டர் காசு தனி, பல ஆயிரம் பவுச் எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். ஐந்நூறு பாக்கெட்டுக்கு ஏன் இந்தக் கெடுபிடி?
– சிறு காபி விவசாயி, நாகலூர், ஏற்காடு

பதில்: அவர்கள் கேட்பது நியாயமே, தங்களுக்குப் பொருந்தாதது அந்த அச்சு முறை. பளபளப்பான பவுச்சுகளில் பெரும்பாலானவை கிரேவூர் முறையில் அச்சாகின்றன. சிலிண்டர் எனப்படும் எஃகு உருளைக்குச் செம்பு முலாம் பூசி, அதில் படத்தை நுண்குழிகளாகச் செதுக்கி, தேயாமலிருக்க மேலே குரோமியம் ஏற்றுவார்கள். உருளை மைத்தொட்டியில் மூழ்கி எழும்போது மெல்லிய எஃகுத் தகடு மேற்பரப்பை வழித்துவிட, குழிகளுக்குள் நின்ற மை மட்டும் பிளாஸ்டிக் படலத்துக்கு மாறுகிறது. நிறம் ஒன்றுக்கு உருளை ஒன்று வேண்டும். ஐந்து நிறத்தோடு வெள்ளையையும் சேர்த்தால் ஆறு. இதற்கு மேல், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓடும் படலம் முழுவதும் கழிவு. இலட்சக்கணக்கில் ஓடும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அந்தச் செலவு பைசாக் கணக்கில் கரைந்துவிடும். ஐந்நூறு பவுச்சுக்கு அது காபியின் விலையையே விழுங்கிவிடும்.

விலையைவிட முக்கியமான ஒன்றையும் கவனிக்க வேண்டும். கிரேவூர் மை, எத்தில் அசிட்டேட், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போன்ற விரைந்து ஆவியாகும் கரைப்பான்களில் கரைந்திருப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் அடுத்து வெப்பக் காற்றறை ஒன்றைத் தாண்டித்தான் படலம் நகரும். அறையில் வெப்பமோ காற்றோ குறைந்தாலும், வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலும், கரைப்பானின் எச்சம் மைக்குள்ளேயே தங்கிவிடும். படலத்தின் உட்புறத்தில் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றி அச்சிட்டு, அதன்மேல் அடுத்த படலத்தை ஒட்டி மூடிவிடுவதால், அந்த எச்சத்துக்கு வெளியேற வழியில்லாமல் நாளடைவில் உள்நோக்கி நகரும். மிளகாய்த்தூளில் ஒருவேளை தெரியாமல் போகலாம், காபித்தூளில் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்வதில் காபிக்கு இணையான சரக்கு குறைவு என்பதைத் தோட்டக்காரரான தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எந்தப் பவுச் வாங்கினாலும், ஒரு வெற்றுப் பவுச்சை இறுக மூடி வெயில் படும் சன்னலோரத்தில் ஒரு நாள் வைத்து, திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். இனிப்பான தின்னர் வாடை வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். உணவுப் பொதிக்கான மைகள் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 15495-க்கு இணங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கான எழுத்துச் சான்றைப் பவுச் விற்பவரிடம் கேட்டு வாங்கலாம்.

ஐந்நூறு பாக்கெட்டுக்கு எங்கள் யோசனை இது. அச்சில்லாத, அலுமினியத் தகடு அடுக்குள்ள, ஒருவழி வால்வு பொருத்திய பவுச்சுகளை வாங்குங்கள். வறுத்த காபி நாட்கணக்கில் கார்பன் டைஆக்சைடை வெளியிடுவதால் வால்வு இல்லாத பவுச் உப்பிவிடும். முகப்புக்கு டிஜிட்டலில் அச்சிட்ட ஸ்டிக்கர் போதும். பிளேட்டும் இல்லை, சிலிண்டரும் இல்லை, நூறு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். காகித ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். ஏற்காட்டு மூடுபனியில் அது ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் சுருண்டு எழும். பாலிப்ரொப்பிலீன் ஸ்டிக்கர் அப்படிச் செய்யாது. தயாரித்த நாளையும் விலையையும், ரிப்பனிலுள்ள மையைச் சூட்டால் மாற்றும் ரிப்பன் பிரிண்டரில் அடிப்பதாக இருந்தால், பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு ரெசின் (பிசின்) ரிப்பனைக் கேட்டு வாங்குங்கள். மெழுகு ரிப்பனில் அடித்த தேதி, கடைக்காரர் இரண்டு முறை எடுத்து வைப்பதற்குள் அழிந்துபோகும். தேதி அழிந்த பாக்கெட்டை உணவுப் பாதுகாப்பு அதிகாரி சும்மா விடமாட்டார்.

கேள்வி: செய்தித்தாளில் பஜ்ஜி, வடை மடித்துத் தருவது கெடுதல் என்கிறார்களே, இப்போதெல்லாம் சோயா மை என்றும் சொல்கிறார்களே?
– இல்லத்தரசி, சூரமங்கலம்

பதில்: கெடுதல்தான். செய்தித்தாள் மை முற்றிலும் உலர்வதே இல்லை. அதன் எண்ணெய் காகித இழைகளுக்குள் இறங்கி நிற்கிறது, அவ்வளவே. காலையில் தாளைப் படித்தவரின் கட்டைவிரல் கறுப்பதும் அதனால்தான். அந்த எண்ணெய் பெரும்பாலும் கனிம எண்ணெய். சூடான பஜ்ஜியின் எண்ணெய் அதை மிக எளிதாகக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். சோயா எண்ணெய் சேர்ந்த மை என்பதற்காக அது தின்னத் தக்கதாகிவிடாது. நிறமியும் பிற சேர்மானங்களும் இருக்கவே இருக்கின்றன. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் ஒழுங்குமுறைகள், உணவைச் செய்தித்தாளில் வைப்பதையும் சுற்றுவதையும் தடுத்துள்ளன. அச்சிட்ட பக்கம் உணவைத் தொடக்கூடாது என்பதும் அவற்றிலேயே இருக்கிறது. வாழையிலைத் துண்டோ மந்தாரை இலையோ வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பேருந்து நிலையப் பக்கம் சுவர்களில் நாள்பட்ட போஸ்டர்கள் எல்லாம் நீலமாகவே தெரிகின்றன. சிவப்புச் சேலையும் மஞ்சள் எழுத்தும் எங்கே போயின?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: வெயில் தின்றுவிட்டது. நான்கு நிற அச்சில் மஞ்சளுக்கு டைஅரிலைடு நிறமியும், மெஜந்தாவுக்கு லித்தால் ரூபைனும், சயனுக்குச் செம்பு அடங்கிய தாலோசயனைன் நீலமும், கறுப்புக்குக் கார்பனும் வழக்கம். முதலிரண்டின் மூலக்கூறுகளைப் புறஊதாக் கதிர் விரைவில் உடைத்துவிடும். 1935ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த தாலோசயனைன் நீலம் வெயிலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கார்பனோ அசைவதே இல்லை. எனவே சிவப்புச் சேலையில் முதலில் மஞ்சள் வெளுத்து அது ரோஜா நிறமாகும். பிறகு மெஜந்தாவும் போக, நிழல்களில் இருந்த சயனும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். ஒளியைத் தாங்கும் ஆற்றலை எட்டுப் படிகள் கொண்ட நீலக் கம்பளி அளவுகோலால் குறிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் வெளியில் நிற்கவேண்டிய பெயர்ப்பலகைக்கு மை வாங்குபவர்கள் அந்தப் படியைக் கேட்டு வாங்குவார்கள். ஒரு வாரத்தில் இன்னொரு போஸ்டரால் மூடப்படப்போகும் தாளுக்கு யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை.

கேள்வி: எங்கள் மகளிர் குழு மஞ்சப்பை தைத்து, அதில் கடைகளின் பெயரை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்துத் தருகிறது. இரண்டு முறை துவைத்தால் எழுத்து வெளுக்கிறது. பக்கத்து ஊரில் பிளாஸ்டிசால் மை போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– மகளிர் சுயஉதவிக் குழுவினர், இளம்பிள்ளை

பதில்: பிளாஸ்டிசால் என்பது பிவிசி பிளாஸ்டிக்கை இளக்கியில் குழைத்த மை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தடைசெய்து, 2021 இறுதியில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கமும் தொடங்கிய பிறகு, அதே பையின் முகத்தில் பிவிசியைப் பூசுவது எங்களுக்கு உவப்பாக இல்லை. அதோடு அது ஆவியாகி உலரும் மை அன்று. ஏறத்தாழ 160 டிகிரி வெப்பம் படலம் முழுவதும் ஊடுருவினால்தான் இறுகும். அதற்கான அடுப்பு இல்லாமல் அதை வாங்கிப் பயனில்லை.

தாங்கள் இப்போது பயன்படுத்துவது நீரில் குழைத்த பிக்மென்ட் பேஸ்டாக (நிறமிப் பசை) இருக்கும். அதில் நிறமியைத் துணியோடு பிணைப்பது அக்ரிலிக் பைண்டர். காற்றில் காய்ந்ததும் கைக்கு உலர்ந்ததுபோல் தோன்றினாலும், 150 டிகிரி அளவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் சூடு பட்டால்தான் அந்தப் பைண்டர் முழுமையாகப் பிணையும். வெயிலில் உலர்த்தியது போதும் என்று விட்டிருந்தால் எழுத்து வெளுத்ததில் வியப்பில்லை.

சூட்டுக்கு முன்னால் துணியையும் பாருங்கள். தறியிலிருந்து நேரே வந்த கோராத் துணியானால் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் மரவள்ளி மாவுக் கஞ்சி. மை நூலைத் தொடாமல் கஞ்சியின்மேல் உட்கார்ந்துகொள்ள, முதல் துவைப்பில் கஞ்சி கரையும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும். துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் டிங்சர் வையுங்கள். கருநீலமாக மாறினால் கஞ்சி இருக்கிறது. கஞ்சி நீக்கிய துணியாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது வெட்டுவதற்கு முன் சுடுநீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். அச்சிட்டுக் காய்ந்த பிறகு, எழுத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரித்து, பருத்திக்கான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் அழுத்தி நகர்த்துங்கள். பைகளின் எண்ணிக்கை கூடும்போது டி-சர்ட் கடைகளில் உள்ள ஹீட் பிரஸ் ஒன்று வாங்கினால் வேலை சீராகும். மையோடு, பிணைப்பை வலுப்படுத்தும் ஃபிக்சர் கலப்பதாயின் அன்றன்று வேண்டிய அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். மறுநாள் வரை வைத்திருந்தால் டப்பாவிலும் ஸ்கிரீனின் கண்களிலும் மை இறுகிவிடும்.